கஞ்சி கொடுத்தாயிற்று, அப்புறம்?

சிஸ்டரிடம் கேளுங்கள்

(மிஷன் ஆஸ்பத்திரியிலும் பிறகு கிராமங்களிலும் நர்சாக வேலை செய்து ஓய்வுபெற்று, இப்போது நாசரேத் பக்கம் வசிக்கும் நம் சிஸ்டர், வாசகர்களுக்குப் பதில் எழுதுகிறார். கஷ்டத்தில் இருக்கும் அயலாருக்கு விசுவாசி என்ன செய்வது என்பதைப் பற்றி வந்த கடிதங்கள் இந்த இதழில்.)

கேள்வி: சிஸ்டர், எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மைக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறுகிறது. கணவர் இல்லை, ஒரே மகன் சவூதியில் இருக்கிறார். ராத்திரி துணைக்கு ஒரு பேத்தி முறைப் பிள்ளை வந்து படுக்கிறாள். மற்றபடி காலையும் சாயங்காலமும் நான்தான் போய்த் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி கொடுக்கிறேன். எனக்கு இரண்டு பிள்ளைகள், மாமியாருக்குச் சுகர். "ஊருக்கெல்லாம் ஊழியம், வீட்டுக்கு ஒண்ணுமில்ல" என்று வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வாராவாரம் வந்து பாட்டுப் பாடி ஜெபித்துவிட்டுப் போகிறார்கள். அவர்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. இந்தக் கோபம் பாவமா? நான் நிறுத்திவிட்டால் அது பாவமா?
— பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: பாவத்தை அப்புறம் பார்ப்போம். பெரியம்மையின் முதுகைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

முதுகெலும்பு முடிகிற இடம், இடுப்பு எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் பக்கங்கள், இரண்டு குதிகால், இவற்றைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து, திரும்பச் சிவந்தால் இன்னும் காலம் கடந்துவிடவில்லை. வெளுக்காமல் அப்படியே நின்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நம் நிறத்துக்குச் சிவப்பு எப்போதும் தெரியாது. சுற்றிலும் இருப்பதைவிடக் கறுத்து, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தாலும் அதேதான். அந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்ப்பது நம் ஊர்ப் பழக்கம். தேய்க்கவே கூடாது, உள்ளே நைந்திருக்கிற சதை இன்னும் நைந்துபோகும். நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையம் யாராவது ஆசையாக வாங்கி வந்தால் நன்றி சொல்லிப் பரணில் போடுங்கள். அது சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

கஞ்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பேச்சு குழறுகிறவர்களுக்கு விழுங்குவதும் கஷ்டமாக இருக்கலாம். நீர்க்கஞ்சிதான் சுலபம் என்று நினைப்போம். உண்மையில் நீர்த்துப்போனதுதான் புரையேறும், கொழகொழவென்று கெட்டியாக இருப்பது பரவாயில்லை. படுக்கவைத்து ஊட்டாதீர்கள். நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைச் சற்றுக் கீழே இறக்கச் சொல்லி, நல்லா இருக்கிற இடது பக்க வாயில் சின்னக் கரண்டியால் கொடுங்கள். முடிந்தபின் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். சாப்பிடும்போது இருமினாலோ குரல் நனைந்த மாதிரி கரகரத்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். ஜாக்கெட் போடும்போது விழுந்த கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியில். அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது, தோள்மூட்டு இறங்கிவிடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும் என்பது நாங்கள் படித்த பாடம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. நீங்கள் போவது இரண்டு வேளை. மீதிப் பத்துக்கு யார்? உங்கள் அன்பு போதவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு ஆள் செய்கிற வேலையே அல்ல இது. ஆஸ்பத்திரியில் இதற்கு மூன்று ஷிப்ட் வைத்திருக்கிறோம். அதனால் உங்கள் கோபத்தை நான் பாவத்தில் சேர்க்க மாட்டேன். அதை உள்ளேயே வைத்துப் புழுங்காமல் வாய்திறந்து வேலையாகக் கேளுங்கள்.

அடுத்த முறை சங்கத்து அக்காமார் வருவார்கள் அல்லவா? பாட்டு முடியட்டும். ஜெபத்துக்குக் கண்ணை மூடுவதற்கு முன் சொல்லுங்கள்: "அக்கா, பெரியம்மைய இந்தப் பக்கமாத் திருப்பணும், ரெண்டு பேரு கை குடுங்க." அவ்வளவுதான். யாக்கோபு நிருபத்தை எடுத்து வாசிக்க வேண்டாம். அவர்களுக்கே அது மனப்பாடம்: "நீங்கள் சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று சொல்லியும், சரீரத்திற்கு வேண்டியவைகளை அவர்களுக்குக் கொடாவிட்டால் பிரயோஜனமென்ன?" பலர் செய்யாமல் இருப்பது மனமில்லாமல் அல்ல. எப்படித் தொடுவது, எங்கே பிடிப்பது என்று தெரியாத பயம். ஒரு தடவை பிடித்துக் காட்டினால் அந்தப் பயம் போய்விடும். திருப்பி முடித்து, நனைந்த துணியை மாற்றி, அப்புறம் அவர்கள் செய்கிற ஜெபத்தைக் கேட்டுப் பாருங்கள். நீளம் குறைந்து உயிர் கூடியிருக்கும்.

பிறகு ஒரு அட்டையில் ஏழு நாளையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். யார் எந்த நேரம், எந்தப் பக்கம் திருப்பினார்கள், என்ன சாப்பிட்டார், வெளிக்குப் போனாரா. ஒருவருக்கு வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் வராதபடி பங்கு போடுங்கள். அதிகமாக ஒப்புக்கொள்கிறவர்கள்தான் மூன்றாவது வாரம் காணாமல் போவார்கள். சபைப் போதகரான ஐயரிடமும் உபதேசியாரிடமும் சொல்லி, சேகரத்துச் சபைப் பணத்தில் மோட்டார் வைத்த காற்று மெத்தை ஒன்றும், மலம் கழிக்க வசதியுள்ள நாற்காலி ஒன்றும் வாங்கச் சொல்லுங்கள். இந்த வீட்டில் தேவை முடிந்தால் அடுத்த வீட்டுக்குப் போகட்டும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு முருங்கைக்காய்க்கு என்ன விலை கேட்கிறோம் என்று நமக்குத் தெரியும். சபையில் காசில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மெத்தை வந்துவிட்டது, இனித் திருப்ப வேண்டாம் என்று மட்டும் யாரையும் சொல்லவிடாதீர்கள். இரவில் இடைவெளியைக் கொஞ்சம் நீட்டலாம், அவ்வளவே.

அரசாங்கத்திடம் கேட்பதை விசுவாசக் குறைவாக நினைக்கிறவர்கள் சிலர் உண்டு. நமக்கு உரியதை வாங்குவதில் என்ன குறைவு? 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வரும். படுத்தபடுக்கையாய் இருப்பவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தரவும் ஆள் வருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில், அல்லது உங்கள் கிராம சுகாதார நர்சிடம் பெரியம்மையின் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள். கை கால் அசைவு திரும்புவதற்கு முதல் சில மாதங்கள் முக்கியமானவை. நாளைக்கே போங்கள்.

மகனுக்கு போன் போட்டு, "அம்மா நல்லா இருக்காங்க" என்று சொல்வதை நிறுத்துங்கள். உள்ளதைச் சொல்லுங்கள். பகல் வேளைக்குச் சம்பளத்துக்கு ஒரு ஆள் வைக்கப் பணம் அனுப்பச் சொல்லுங்கள். இதை எழுதினால் சிலருக்குப் பிடிக்காது, அன்பைக் காசுக்கு விற்கிறாளே என்பார்கள். நல்ல சமாரியன் என்ன செய்தான்? காயத்தைக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், ஒரு ராத்திரி பார்த்துக்கொண்டான். மறுநாள் சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் கொடுத்து, "நீ இவனை விசாரித்துக்கொள்" என்று சொல்லிவிட்டுத் தன் பயணத்தைப் பார்த்துப் போனான். திரும்பி வரும்போது மீதியைத் தருவேன் என்று கணக்கும் வைத்தான். அவன் அங்கேயே உட்கார்ந்து தன் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டதாக எழுதியிருக்கவில்லை.

உங்கள் வீட்டுக்காரர் விஷயம். அவர் சத்தத்தில் நியாயம் உண்டு. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். அட்டையில் ஞாயிற்றுக்கிழமையை உங்களுக்கு வெறுமையாக விடுங்கள். அன்றைக்கு மாமியாரின் பாதத்தைப் பாருங்கள், சுகர்க்காரர்களுக்குக் காலில் புண் வந்தால் வலி தெரியாது. வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு வேலை கேளுங்கள்: பெரியம்மையைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற ஒரு ஆண் பிடித்தால் சுலபம். ஆண்கள் 'உதவி செய்' என்றால் நழுவுவார்கள், 'தூக்க முடியல, வாங்க' என்றால் வந்துவிடுவார்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு இந்து அண்ணாச்சிக்குக் கிட்னி போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மனைவி பீடி சுற்றுகிறார். நாங்கள் உதவி செய்தால் "மதம் மாத்தப் பாக்காங்க" என்று பேச்சு வருகிறது. என் தம்பியோ "விசேஷமாக விசுவாச குடும்பத்தார்களுக்கு என்றுதானே வேதத்தில் இருக்கு, நம்ம சபை ஏழைகளை முதல்ல பாரு" என்கிறான். என்ன செய்ய?
— ஒரு வாசகர், ஆலங்குளம்

பதில்: உங்கள் தம்பி கலாத்தியர் 6:10-ஐப் பாதியிலிருந்து வாசிக்கிறார். அதற்கு முன்னாலேயே "யாவருக்கும்" என்று இருக்கிறது.

2023 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் தண்ணீருக்கு நடுவே நின்றுபோனது. உள்ளே சுமார் 800 பேர். பக்கத்துப் புதுக்குடி ஊர் மக்கள் தங்கள் வீட்டு அரிசி பருப்பைக் கொண்டுவந்து அம்மன் கோயிலில் வைத்துச் சமைத்து அவர்களுக்குப் போட்டார்கள். ரயிலில் இருந்தவன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவன் என்று யாரும் கேட்கவில்லை. இயேசு நல்ல சமாரியன் கதையைச் சொல்லிவிட்டு நியாயசாஸ்திரியிடம் "நீயும் போய் அந்தப்படியே செய்" என்றாரே, அதில் முன்மாதிரியாகக் காட்டப்பட்டவன் சபைக்கு வெளியே இருந்தவன் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

ஊர்ப் பேச்சுக்கு வழி: கொண்டுபோகிற தூக்குவாளிக்குள் சுவிசேஷக் கைப்பிரதி வைக்காதீர்கள். உதவி வாங்கிக்கொண்டிருக்கிறவர் "வேண்டாம்" என்று சொல்ல முடியாத நிலையில் இருக்கிறார். அவரிடம் ஜெபிக்கட்டுமா என்று கேட்பதானால் ஒரு தடவை கேளுங்கள். வேண்டாம் என்றால் மறுநாளும் அதே முகத்தோடு போங்கள். அவர் கழுத்தில் கிடக்கிற கயிற்றையும் நெற்றித் திருநீற்றையும் பார்த்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஆறு மாதத்தில் ஊரே வாயை மூடும். மூடாவிட்டாலும் டயாலிசிஸ் நிற்கப்போவதில்லை.

இன்னொன்று, இது நர்சாகச் சொல்வது: நோயாளியைப் பார்க்கப் போகிறோம் என்று இளநீரும் வாழைப்பழமும் வாங்கிப் போகாதீர்கள். கிட்னி வேலை செய்யாதவர்களுக்கு அவற்றில் உள்ள பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இருதயத்தையே நிறுத்திவிடலாம். தண்ணீரும் அவர்களுக்கு அளவுதான். அன்பாகக் கொடுத்த இளநீரால் ராத்திரி மூச்சு முட்டி வந்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் டயாலிசிஸுக்குக் காசு கட்ட வேண்டியிருக்காது. அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். துணைக்குப் போகும் நாளெல்லாம் அந்த அம்மாவுக்குப் பீடிக் கூலி போகிறது. வாரத்தில் ஒரு நாள் அண்ணாச்சியோடு நீங்கள் போய் உட்கார்ந்தால் அவர்கள் வீட்டில் ஒரு நாள் கூலி மிஞ்சும். இதைவிடப் பெரிய உதவி எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: எங்கள் வாலிபர் சங்கம் இந்தக் கிறிஸ்துமசுக்கு 50 குடும்பங்களுக்கு ஆளுக்குப் பத்துக் கிலோ அரிசிப் பை கொடுக்கத் தீர்மானித்திருக்கிறது. மேடை போட்டுக் கொடுக்கலாமா, வீடு வீடாகப் போகலாமா என்று இரண்டு கட்சி. உங்கள் கருத்து?
— வாலிபர் சங்கச் செயலாளர், சாத்தான்குளம் வட்டாரம்

பதில்: மூன்றாவது கட்சி நான். ஏன் அரிசி?

தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரர்களுக்கு 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி இலவசம். நீங்கள் கொடுக்கிற பொன்னி கொஞ்சம் நன்றாக இருக்கும், உண்மைதான். ஆனால் அந்த 50 வீட்டிலும் போய், சும்மா திண்ணையில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். ஒரு வீட்டில் கேஸ் சிலிண்டர் தீர்ந்து விறகு பொறுக்குவார்கள். ஒரு வீட்டுப் பாட்டிக்குக் கண்ணாடி உடைந்து வேதம் வாசிக்க முடியாது. ஒரு வீட்டில் படுக்கையில் கிடப்பவருக்கு டயாபர் வாங்கி மாளாது. இன்னொரு வீட்டில் மகள் காதில் கிடந்தது அடகுக் கடையில் இருக்கும். ஒரே அளவுப் பையை 50 வீட்டுக்கும் கொடுப்பது கொடுக்கிறவனுக்குச் சுலபம், அவ்வளவுதான்.

மேடை வேண்டாம். பேனரும் வேண்டாம். வாங்குகிறவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய கட்டாயத்தில் நிற்பதை யார் வீட்டுச் சுவரில் மாட்டுவது? "உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது" என்கிறது மத்தேயு. நாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டசில் வைக்கிறோம். கணக்கு வேண்டுமென்றால் ரசீதைச் சங்கக் கூட்டத்தில் காட்டுங்கள், முகங்களைக் காட்ட வேண்டாம்.

நம் தாய்மார் இதை எவ்வளவு அழகாகச் செய்தார்கள்! உலை வைக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனிப் பானையில் போடுவார்கள், மாதக் கடைசியில் அது சபைக் கோயிலுக்குப் போகும். கைப்பிடி அரிசி கொடுத்தவளில் பாதிப் பேருக்கு அன்றைக்கு வீட்டிலேயே அரைவயிறுதான். பாளையங்கோட்டையில் 1903-இல், பின்னாளில் பிஷப்பான அசரியாவும் மற்றவர்களும் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது வெள்ளைக்காரப் பணம் வேண்டாம் என்று துணிந்தார்கள் என்றால், அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் இந்த மாதிரிக் கைகள் இருந்தன. யார் பிடி எது என்று பானைக்குள் தெரியாது. உங்கள் சங்கத்தில் அதை வேறு விதமாகத் திரும்பத் தொடங்கலாம். கிறிஸ்துமசுக்கு ஒரு நாள் கொடுக்கிற காசைப் பன்னிரண்டாகப் பிரித்தாலே போதும். ஜனவரியில் யாரும் எட்டிப் பார்க்காத வீடுகளுக்கு அது போகும்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளைக்குப் பீஸ் கட்ட என்று கடன் வாங்கிக் குடிக்கிறார். கேட்கிறவனுக்குக் கொடு என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறாரே. மறுக்கலாமா?
— ஒரு ஆசிரியர், நாங்குநேரி

பதில்: மறுக்கலாம். ரொக்கத்தை மறுத்து, பீஸை நீங்களே பள்ளிக்கூடத்தில் போய்க் கட்டி ரசீதை அந்தப் பிள்ளையின் அம்மா கையில் கொடுங்கள். அவர் வாசலில் வந்து கத்தினால் "காசா தர மாட்டேன், சாப்பிட வாங்க" என்று சொல்லுங்கள். வராமல் போனால் போகட்டும். தெளிந்திருக்கும் காலை நேரத்தில், மட்டுமே, அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகட்டுமா என்று கேளுங்கள். பல வருஷம் குடித்தவர் திடீரென்று தானாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. உபவாசக் கூட்டத்தில் உட்காரவைத்து நிறுத்தும் முயற்சியை டாக்டர் இல்லாமல் செய்யாதீர்கள். அந்த வீட்டில் அடி விழுகிற சத்தம் கேட்டால், அது குடும்ப விவகாரம் என்று ஜன்னலைச் சாத்த வேண்டாம். பெண்களுக்கான உதவி எண் 181.

கேள்வி: எனக்கு வயது 74. முழங்கால் தேய்ந்து வாசல் தாண்ட முடியவில்லை. கோயிலுக்கே ஆட்டோவில்தான் போகிறேன். அரசாங்கம் தரும் 1200 ரூபாயில் மாத்திரை போக மிச்சமில்லை. ஜெபிப்பதைத் தவிர என்னால் ஒருவருக்கும் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது. புதன்கிழமை மட்டும் மகள் வந்து தன் வீட்டுக்குக் கூட்டிப்போவாள்.
— ஒரு பாட்டி, மெஞ்ஞானபுரம்

பதில்: அம்மா, உங்களிடம் போன் இருக்கிறது. கடிதத்தில் நம்பர் எழுதியிருக்கிறீர்களே.

உங்கள் சபையில் தனியாக இருக்கிற வயசாளிகள் யார் யார் என்று உபதேசியாரிடம் கேட்டு நாலைந்து பேர் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் காலை ஏழு மணிக்கு, பல் தேய்த்துக் காப்பி குடித்ததும், ஒவ்வொருவரையும் கூப்பிடுங்கள். "எந்திச்சிட்டீங்களா? மாத்திரை போட்டாச்சா? ராத்திரி தூங்குனீங்களா?" இந்த மூன்றும் போதும், பிரசங்கம் வேண்டாம். கீழே விழுந்து, எழுந்திருக்க முடியாமல், யாரும் வராமல் ராத்திரியிலிருந்து மறுநாள் மத்தியானம் வரை தரையில் கிடந்தவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவார்கள். எலும்பு முறிவைவிட அந்தக் கிடப்புதான் அவர்களைக் கொல்லும். ஏழு மணிக்கு ஒரு ஆள் கூப்பிடுவார் என்று இருந்தால் கிடக்கிற நேரம் மணிக்கணக்கில் குறைந்துவிடும்.

இரண்டு தடவை மணியடித்தும் எடுக்காவிட்டால் அவர்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் போடுங்கள். அந்த நம்பரையும் முன்னமே வாங்கி வையுங்கள். அவர்களும் இல்லாவிட்டால் உபதேசியார். ஆள் விழுந்து கிடக்கிறார் என்று தெரிந்தால் 108. எல்லா நம்பரையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிப் போனுக்குப் பக்கத்தில் வையுங்கள், கண்ணாடி இல்லாத நேரத்திலும் தெரிகிற மாதிரி. புதன்கிழமை நீங்கள் மகள் வீட்டில் இருப்பீர்கள். போனைக் கூடவே எடுத்துப் போக முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் அன்றைக்கு மட்டும் யார் கூப்பிடுவது என்று செவ்வாய்க்கிழமையே பேசிவைத்துவிடுங்கள்.